ஸ்டார்ட்டர் கிட்: பல்லியின் கண்ணுக்கு ஏற்றதா?

லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன் என்ற செல்லப் பல்லிகளை வளர்க்கத் தொடங்குபவர்களுக்கென வரும் ஸ்டார்ட்டர் கிட்டுகளில் பெரும்பாலும் நான்கு சாமான்கள் இருக்கும்: கண்ணாடித் தொட்டி, சுருள் வடிவ யூவிபி (புற ஊதா பி கதிர்) பல்பு, கால்சியம் மணல், சத்துப்பொடி டப்பா. தொட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்ற மூன்றும் கண்ணைப் பதம் பார்க்கக்கூடியவை. பூச்சியைக் குறிதவறிக் கவ்வும் பல்லிக்குப் பார்வை போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் இவற்றைச் சோதியுங்கள்.

முதல் சந்தேகம் பல்பின் மேல்தான். சில ஆண்டுகளுக்கு முன் வந்த சில சுருள் பல்புகள் 290 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளக் கதிரை உமிழ்ந்தன. வெயிலில் இந்தக் கதிர் தரைவரை வருவதில்லை; பல்லியின் கருவிழி அதைத் தாங்காது. இப்போதைய தரமான பல்புகளில் அந்தக் கோளாறு குறைந்துவிட்டது. ஆனால் கிட்டில் வரும் கிளிப் ஹோல்டரைப் பக்கவாட்டில் மாட்டத்தான் கை போகும். உச்சி வெயிலுக்குப் புருவமேடும் மேல் இமையும் நிழல் தரும். பக்கவாட்டு வெளிச்சமோ நேரே கண்பாவைக்குள் பாயும். மாட்டிய சில நாளில் இரண்டு கண்ணும் மூடி, இமை உப்பி, தீனியும் எடுக்காமல் கிடந்தால் உடனே பல்பை அணையுங்கள். காரணம் அதுதான் என்றால் பெரும்பாலும் சில நாள்களிலேயே கண் திறக்கும்.

சுருள் பல்புக்குப் பதில் டி5 டியூபை (மெல்லிய நீளக் குழல் விளக்கு) மேலே மாட்டுவதே எங்கள் பரிந்துரை. யூவி இண்டெக்ஸ் (புற ஊதாக் கதிரின் வலிமை) காட்டும் மீட்டரில், வெயில் காயும் மேடையில் பல்லியின் முதுகு உயரத்தில் பியர்டட் டிராகனுக்கு 3 முதல் 4 வரை போதும். லெப்பர்ட் கெக்கோவுக்கு 0.7-ஐத் தாண்ட வேண்டாம். கம்பிவலை மூடி கதிரில் கணிசமான பங்கைத் தடுத்துவிடும் என்பதால் மூடியைப் போட்டபடியே அளவெடுங்கள். அல்பினோ (நிறமி குறைந்த) கெக்கோ என்றால் இன்னும் குறைத்து, ஒளிந்துகொள்ள இருட்டான இடமும் கொடுங்கள்.

சத்துப்பொடியில் முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். வைட்டமின் ஏ என்ற இடத்தில் பீட்டா கரோட்டின் (உடல்தான் வைட்டமின் ஏ-வாக மாற்ற வேண்டிய தாவர நிறமி) மட்டும் இருந்தால், பூச்சி தின்னும் கெக்கோவுக்கு அதை நம்பியிருக்க முடியாது. ரெட்டினால் அல்லது வைட்டமின் ஏ அசிடேட் என்று இருக்க வேண்டும். இந்தச் சத்து குறைந்தால் கண்ணீர்ச் சுரப்பியின் உள்தோல் தடித்து அடைபடும். இமைக்கு அடியில் பாலாடைக்கட்டி போல வெள்ளைத் திரள் சேரும். கண் பழுதாகாமலே, திறக்க முடியாததால் பல்லி குருடாகத் திரியும். அதற்காக அள்ளிப் போடவும் கூடாது: ஏ மிகுந்தால் தோல் உரிந்து புண்ணாகும். வாரம் ஒருமுறை, பூச்சியின் மேல் மெல்லிய தூசிப்படலமாக ஒட்டினால் போதும். திறந்த டப்பாவை ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள், ஈரமும் வெளிச்சமும் வைட்டமினைக் கெடுக்கும்.

மணலைப் பெட்டியோடு ஒதுக்கிவிடலாம். இமைக்குள் புகுந்த ஒரு துகள் கருவிழியைக் கீறினாலே போதும், புண்ணாகிவிடும். பேப்பர் டவலோ தரை ஓடோ (டைல்) விரியுங்கள். கெக்கோவுக்கு ஈரப்பாசி வைத்த மறைவிடம் ஒன்று கட்டாயம் வேண்டும். கிட்டில் அது இல்லாதது பெரிய குறை, ஏனென்றால் காய்ந்த தொட்டியில் உரிந்த தோல் இமைக்குள் வளையமாகத் தங்கிவிடும்.

பல்லியைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். ஒரு கண் மட்டும் மூடியிருந்தால் மணல், தோல், காயம். இரண்டும் என்றால் பல்பு, வைட்டமின் குறை, தொற்று. பாவை வெளுத்திருந்தால் கண்புரையாக இருக்கலாம். கண் தெளிவாக இருந்தும் தலை சாய்ந்து, சுற்றிச்சுற்றி வந்து குறி தவறினால், அதிலும் எனிக்மா என்ற நிறவகை லெப்பர்ட் கெக்கோ என்றால், கோளாறு நரம்பில். எந்தப் பொடியும் உதவாது.

தொட்டியைத் தனியாக வாங்க முடிந்தால் இந்த வகைக் கிட் தேவையே இல்லை. ஏற்கெனவே வாங்கி, கண்ணும் வீங்கிவிட்டதா? 0.9 சதவீத சலைன் உப்புநீரை வெதுவெதுப்பாகச் சொட்டிக் கழுவுங்கள். இடுக்கியால் எதையும் இழுக்காதீர்கள். இரண்டு நாளில் திறக்காவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம்: கருவிழியில் புண் இருந்தால் அது ஆறாமல் ஆழமாகிவிடும்.