பழைய ஐ5 கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? 6600, 3050, செகண்ட் ஹேண்ட் 1660 சூப்பர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேம் ஆட வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, பத்து வருடத்துக்கு முன் உள்ளூர் கடையில் அசெம்பிள் செய்தது: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை). இன்னொன்று, பெங்களூரு ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய டெல், எச்பி டெஸ்க்டாப். கார்டு வாங்க நினைப்பவர்கள் யூட்யூபில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) வீடியோ பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். அந்த வீடியோவில் கார்டுக்குத் துணையாக இருப்பது புத்தம் புது பிராசசர். நம் வீட்டுப் பெட்டியில் அதே கார்டுக்கு வேறு கணக்கு.

முதலில் சிலவற்றைத் தள்ளிவிடலாம். இன்டெல் ஆர்க் கார்டுகள் (ஏ750, பி580) விலைக்கு நல்லவைதான். ஆனால் ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்ட விடுவது) என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் வேகம் நன்றாகவே அடிவாங்கும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசரோடு போடச் சொல்லி இன்டெல்லே பரிந்துரைப்பதில்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டவே வேண்டாம்: 4 ஜிபி நினைவகம், நாலே லேன் (டேட்டா போய்வரும் பாதை). கார்டு மாட்டும் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 என்றால் சமாளிக்கும், நம் 3.0 ஸ்லாட்டில் அது கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பண்டிகை நாளில் பாதி கவுண்டரை மூடிவைத்த கதை. போதாததற்கு கேம் ரெக்கார்டு செய்ய வீடியோ என்கோடரும் அதில் இல்லை. ஜிடிஎக்ஸ் 1060, 1050 டிஐ மலிவாகக் கிடைக்கின்றன என்று ஆசைப்பட வேண்டாம். இவை சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு கேம் ரெடி டிரைவர் (புது கேம்களுக்கான டிரைவர்) 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

மிஞ்சுவது மூன்று.

வேகத்தில் ஆர்எக்ஸ் 6600 தான் முன்னால். 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி, 132 வாட். 1080பி-யில் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம். பழைய பிராசசர்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு, அதிகம் பேர் பேசுவதில்லை. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா டிரைவர் பிராசசர் மேல் கூடுதல் சுமை ஏற்றும். ஏஎம்டி டிரைவருக்கு அந்த வேலை குறைவு. நாலே கோர் வைத்திருக்கும் ஐ5-க்கு இது சின்ன விஷயம் இல்லை. நினைவகமும், ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டுவது) வசதியும் முக்கியம். 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற கேம்கள் ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லாமல் தொடங்குவதே இல்லை, அதற்குக் குறைந்தபட்சம் கேட்கும் ஏஎம்டி கார்டு இந்த 6600 தான். (அந்த கேமுக்கு நம் ஐ5 போதாது என்பது தனிக் கதை.)

ஆர்டிஎக்ஸ் 3050 விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. ஒரே பெயரில் இரண்டு கார்டு. 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி, 130 வாட். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி, 70 வாட்; கோர்களும் குறைவு, நினைவகப் பாதையும் குறுகல். கடைக்காரர் வெறும் "3050" என்று சொன்னால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 8 ஜிபி மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன், 6600 அதைவிட வேகம். 6 ஜிபி மாடலுக்குத்தான் ஒரு தனி இடம் உண்டு: பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குட்டையான லோ புரொஃபைல் மாடல்களும் வருகின்றன. பவர் பின்னே இல்லாத ஆபீஸ் டெல் பெட்டிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டிஎல்எஸ்எஸ்-ஸும் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கி எஃப்பிஎஸ் கூட்டும் என்விடியா வசதி) கிடைக்கும்.

ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 2019 அக்டோபர். 6 ஜிபி, 125 வாட், ரே டிரேசிங் இல்லை, டிஎல்எஸ்எஸ் இல்லை. டிஎல்எஸ்எஸ் உதவி இல்லாத வெறும் வேகத்தில் 3050 6 ஜிபிக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். டிரைவர் இன்னும் வருகிறது. ரெக்கார்டிங், லைவ் போடுகிறவர்களுக்கு இதன் என்கோடர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

அப்படியானால் ஏன் இதையும் பட்டியலில் வைத்தேன்? ஸ்லாட்டுக்காக. எச்81 சிப்செட் போர்டு நம் ஊர் கடைகளில் அந்தக் காலத்தில் ஏராளமாக விற்றது. அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 தான். 6600, 3050 இரண்டும் எட்டு லேன் கார்டுகள், அந்த ஸ்லாட்டில் பாதை ரொம்பக் குறுகிவிடும். 1660 சூப்பர் பதினாறு லேனையும் பயன்படுத்துவதால் 2.0 ஸ்லாட்டிலும் 3.0-வில் எட்டு லேன் கிடைத்த அளவு பாதை இருக்கும். 6600-க்கு 8 ஜிபி இருப்பதால் பல கேம்களில் அது தப்பித்துக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனாலும் எச்81 போர்டில் பெரிய பணம் போடுவதைவிட, புது 6600 விலையில் பாதியை ஒட்டிக் கிடைக்கும் 1660 சூப்பரே புத்திசாலித்தனம். பி85, எச்97, எச்110 மாதிரி 3.0 ஸ்லாட் இருந்தால் 6600-க்குப் பெரிய இழப்பில்லை. சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டால் போர்டின் பெயர் தெரிந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ்ஸில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கேபினெட்டோடு வந்த டப்பாவில் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதை விட்டுவிட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 18 ஆம்ப் என்றிருந்தால் கார்டு, பிராசசர் இரண்டுக்கும் சேர்த்துக் கையில் இருப்பது 216 வாட் மட்டுமே. 84 வாட் ஐ5-ஓடு 132 வாட் கார்டு சேர்ந்தாலே கணக்கு விளிம்புக்கு வந்துவிடும். மோலக்ஸ் (பழைய நாலு பின் பவர் கேபிள்) இணைப்பிலிருந்து எட்டு பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டுக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். 6600 அல்லது 1660 சூப்பர் என்றால் 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான சான்று) தரத்தில் நல்ல கம்பெனி 450 வாட் ஒன்றையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அந்தச் செலவு முடியாது என்றால் பதில் 3050 6 ஜிபி, சரியா.

கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் யுபிஎஸ் கணக்கும் உண்டு. வழக்கமான 600 விஏ யுபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். 6600 போட்ட பழைய ஐ5 கம்ப்யூட்டர், மானிட்டர் சேர்த்து, அதற்குள் அடங்கும். 225 வாட் ஆர்க் ஏ750 மாதிரி கார்டுகளை அதில் மாட்டினால் கேம் நடுவில் கரண்ட் போகும்போது யுபிஎஸ்ஸும் கூடவே படுத்துவிடும்.

வேலரன்ட், எமுலேட்டரில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் ஆடும் பையன்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. அங்கே தடுப்பது பிராசசரும் ராமும். செகண்ட் ஹேண்ட் ஐ7 4790 ஒன்றும், இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கும் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்க ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம்தான். தர்மபுரிக்காரர்கள் பெங்களூரு பஸ் ஏற வேண்டியதுதான். போனால் வெறும் டிஸ்ப்ளே வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, 1660 சூப்பர் என்றால் கோர் எண்ணிக்கை 1408 இருக்கிறதா பாருங்கள். பயாஸ் (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றிப் பெயர் ஒட்டிய போலி கார்டு என்றால் பெரும்பாலும் அதிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கை கால் மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம், திரையில் புள்ளி, வெப்பம் மூன்றையும் கவனியுங்கள். மைனிங்கில் ஓடிய கார்டு என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம், ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினால் பல கார்டுகள் நன்றாக ஓடுகின்றன. சோதிக்கவே விடமாட்டேன் என்கிற கடையில் மட்டும் வாங்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்கிவிட்டு பஸ் ஏறுங்கள்.