டிராலி ஜாக் பொத்தென்று இறங்குகிறதா? ஆயிலா, வால்வா, ஹேண்டிலா, புது ஜாக்கா?

காரைத் தூக்கும்போது சொன்னபடி கேட்கிற டிராலி ஜாக், இறக்கும்போது மட்டும் ஒன்று அசையவே மாட்டேன் என்னும், இல்லை பொத்தென்று போட்டுவிடும். வீட்டு உபயோகத்துக்கு வரும் 2 டன் ஜாக்குகளில் இது சகஜம். ஆயிலை மாற்று, வால்வைக் கழற்று, ஹேண்டிலைச் சரிசெய், புதுசு வாங்கு என்று நாலு யோசனை வரும். என் ஓட்டு ஹேண்டிலுக்குத்தான்.

உள்ளே நடப்பது இது. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் ரிலீஸ் ஸ்குரூ தளர்கிறது, அது அழுத்திக்கொண்டிருந்த சின்ன எஃகுக் குண்டு மயிரிழை விலகுகிறது, காரின் எடை ஆயிலை அந்த இடுக்கு வழியாகத் தொட்டிக்குத் தள்ளுகிறது. குண்டு துளி விலகினாலே வழி நிறையத் திறந்துவிடுவதால் நம் கைக்குக் கிடைப்பது சில டிகிரி திருப்பம் மட்டுமே. ஹேண்டிலுக்கும் ஸ்குரூவுக்கும் நடுவில் சாய்த்தாலும் திருப்பத்தைக் கடத்தும் யுனிவர்சல் ஜாயின்ட் வேறு, அதில் தொளதொளவென்று ஆட்டம். கை திரும்பும், ஸ்குரூ திரும்பாது, இன்னும் பலம் கொடுப்போம், இறுகியிருந்த மரை சட்டென்று விடும், கார் இறங்கிவிடும்.

முதலில் ஆயில். கெட்டியான ஆயில் ஊற்றினால் மெதுவாக இறங்கும் என்பது பொய்யில்லை. ஆனால் அது வேகத்தைக் குறைக்குமே தவிர கட்டுப்பாட்டைத் தராது. சுமை இல்லாதபோது ஜாக்கைக் கீழே இழுப்பது ஒரு ஸ்பிரிங்தான், கெட்டி ஆயிலைத் தள்ள அது திணறும், கடைசியில் காலால் மிதித்து இறக்க வேண்டியிருக்கும். ஜாக்கோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் ஹைட்ராலிக் ஆயிலே போதும், பெரும்பாலும் ஐஎஸ்ஓ 22 அல்லது 32 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்). பிரேக் ஆயில் மட்டும் கூடவே கூடாது, சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். காற்று புகுந்திருந்தால் ரிலீஸைத் திறந்து வைத்து நன்றாகப் பம்ப் அடித்து எடுத்துவிடுங்கள். அது தூக்கும்போது வரும் மெத்துமெத்துப்பைப் போக்கும், இறக்கத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள்.

வால்வை, அதாவது அந்த ரிலீஸ் ஸ்குரூவையும் குண்டையும், கழற்றுவது அழுக்கு இருந்தால் பலன் தரும். குண்டையும் அது உட்காரும் இடத்தையும் துடைத்து, ஓ ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றி, மரையில் துளி ஆயில் விட்டுப் பூட்டினால் திருப்பம் மிருதுவாகும். சிலர் லேத்தில் கொடுத்துக் கூம்பு முனை கடைந்து குண்டுக்குப் பதில் போடுகிறார்கள். நன்றாக அமைந்தால் இதற்கு நிகர் இல்லை, ஆனால் முனை சரியாக உட்காராவிட்டால் ஜாக் தூக்கிய சுமையைத் தாங்காமல் தானாக இறங்க ஆரம்பிக்கும். லேத்காரர் மேல் முழு நம்பிக்கை இருந்தால் மட்டும் செய்யுங்கள். கழற்றும்போது பக்கத்தில் இருக்கும், அளவுக்கு மேல் சுமை ஏறாமல் காக்கும் ஓவர்லோடு வால்வைத் தொடவே வேண்டாம், அது கம்பெனியில் அளவு வைத்து வருவது.

அப்புறம் ஹேண்டில். மேல் முனைக்கு அருகில் குறுக்காக ஒரு அடி நீளக் கம்பியை நடுவில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெறும் குழாயைப் பிடித்து 5 டிகிரி திருப்ப உங்கள் கை நகர்வது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், குறுக்குக் கம்பியின் நுனியிலோ அதே 5 டிகிரிக்கு 13 மில்லிமீட்டர். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் அந்த 13 மில்லிமீட்டருக்குள் நிறுத்தி நிறுத்தி இறக்க முடிகிறது. ஜாயின்டில் தேய்ந்த பின்னை (இணைப்பு ஊசியை) மாற்றி கிரீஸ் வையுங்கள், ஹேண்டில் செருகும் இடத்தில் ஆட்டம் இருந்தால் ஒரு தகட்டை வைத்து அடையுங்கள். செலவு என்று சொல்லவே ஒன்றுமில்லை.

இதெல்லாம் செய்தும் திக்கித் திக்கி இறங்கினால் சக்கரத்தைப் பாருங்கள். ஜாக்கின் கை நேராக இல்லாமல் வில் போன்ற பாதையில் இறங்குவதால் ஜாக்கும் கூடவே உருண்டாக வேண்டும். மண்தரையிலோ சொரசொரப்பான சிமென்டிலோ சக்கரம் மாட்டிக்கொண்டு, பிறகு ஒரேயடியாக விடும். வால்வைக் குறை சொல்லிப் பயனில்லை. சக்கரத்துக்கும் ஜாக்கின் கை சுழலும் பின்னுக்கும் கிரீஸ், தரையில் வழுவழுப்பான கனமான பலகை, வேலை முடிந்தது.

புது ஜாக் கடைசி வழி. வாங்குவதானால் ஹேண்டிலை விட்டதும் தானே மூடிக்கொள்ளும் ரிலீஸ் உள்ளதா என்று கேளுங்கள், ஒர்க்‌ஷாப் தர ஜாக்குகள் சிலவற்றில் அது உண்டு. கடையில் வெறும் ஜாக்கை ஏற்றி இறக்கிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வாசலில் நிற்கும் உங்கள் காரையே தூக்கி, ஒரு அங்குலம் இறக்கி நிறுத்தச் சொல்லுங்கள்.