மவுண்டன் பைக்கில் எதை இலக்காக வைப்பது? பந்தயம், கடிகாரம், வாட், நுட்பம்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மவுண்டன் பைக் ஓட்டுபவர்களிடம் அடுத்த ஆண்டுக்கான இலக்கு என்னவென்று கேட்டால், பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றுதான் கிடைக்கும். ஒருவர் ஒரு நெடுந்தொலைவுப் பந்தயத்தை ஓட்டி முடிக்க வேண்டும் என்பார். இன்னொருவர் வழக்கமாக ஏறும் ஏற்றத்தை இருபது நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்பார். மூன்றாமவருக்கு வாட் கணக்கு, அதாவது பெடலை மிதிக்கும் திறனின் அளவு, உயர வேண்டும். நான்காமவர், ஒவ்வொரு முறையும் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் பாறைச் சரிவை ஒரு முறையாவது இறங்காமல் ஓட்டிவிட வேண்டும் என்பார். நான்குமே நியாயமான ஆசைகள்தாம். ஆனால் அவை ஓட்டுபவரிடம் கேட்கும் உழைப்பும், தோற்றால் விட்டுச் செல்லும் மனநிலையும், ஏற்படுத்தும் ஆபத்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சீரான தார்ச்சாலையில் ஓட்டுபவருக்குப் பொருந்தும் இலக்கு, நேற்றுப் புழுதியாகவும் இன்று சேறாகவும் கிடக்கும் தடத்தில் ஓட்டுபவருக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதால், இவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது பயனுள்ளது.

விளையாட்டு உளவியலார் இலக்குகளை மூன்றாகப் பிரிப்பார்கள். பிறரை முந்துவதும் பரிசு பெறுவதும் விளைவு இலக்கு. நம்முடைய பழைய அளவை நாமே தாண்டுவது செயல்திறன் இலக்கு. ஒரு செயலை இன்ன முறையில் செய்வது என்பது செயல்முறை இலக்கு. பல விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, திறன் மேம்பாட்டில் செயல்முறை இலக்கின் தாக்க அளவை (பலன் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும் எண்) 1.36 என்றும், செயல்திறன் இலக்கினுடையதை 0.44 என்றும், விளைவு இலக்கினுடையதை 0.09 என்றும் கணித்தது. வெவ்வேறு விளையாட்டுகளிலிருந்து திரட்டிய எண்கள் என்பதால் அவற்றை அப்படியே தடத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது. ஆயினும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதைக் கண்டுகொள்ளாமல் போகவும் முடியாது.

பந்தய நாள்

பந்தயத்தை இலக்காக வைப்பதில் உள்ள மிகப் பெரிய வசதி அதற்கு ஒரு தேதி இருப்பதுதான். தேதி இருந்தால் பின்னோக்கி எண்ணலாம்; எந்த வாரம் தொலைவைக் கூட்டுவது, எந்த வாரம் உடலுக்கு ஓய்வு தருவது என்பதெல்லாம் தானாகவே வரிசைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1994 முதல் நடந்துவரும் லெட்வில் 100 பந்தயத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவு; புறப்படும் இடமே கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 12 மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பெல்ட் பக்கிள் கிடைக்கும்; 9 மணி நேரத்துக்குள் முடித்தால் அதைவிடப் பெரிய பக்கிள் கிடைக்கும். இந்த இரண்டு அடுக்கு முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதல் பரிசுக்கு வழியில்லாத ஆயிரம் பேருக்கும் அது ஒரு நேர்மையான வரம்பைத் தருகிறது. மேல் வரம்பைத் தவறவிட்டவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒற்றை எண்ணை இலக்காக வைத்துத் தோற்றுப்போனவர்கள் இந்த அமைப்பைத் தங்கள் சொந்தத் திட்டத்துக்கும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் பந்தய இலக்கின் பலவீனமும் அந்தத் தேதியிலேயே இருக்கிறது. ஆறு மாத உழைப்பை ஒரே நாள் எடைபோடுகிறது. அந்த நாளில் ஒரு கூர்மையான கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டால், செயின் அறுந்துவிட்டால், முந்தைய இரவு பெய்த மழை தடத்தைச் சேறாக்கிவிட்டால், தோல்விக்கு ஓட்டியவர் பொறுப்பில்லை. ஆனாலும் அது தோல்வியாகத்தான் பதிவாகும். லெட்வில் போன்ற பந்தயங்களில் இடம் கிடைப்பதே குலுக்கலைச் சார்ந்திருப்பதால், சிலருக்கு இலக்கின் முதல் படியே அவர்கள் கையில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2004இல் தொடங்கிய கேப் எபிக் பந்தயத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. எட்டு நாள் பந்தயம். இருவர் கொண்ட அணியாக மட்டுமே ஓட்ட முடியும். இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அங்கே நம் இலக்கின் பாதி இன்னொருவருடைய முழங்காலில் இருக்கிறது.

பந்தயம் முடிந்த மறுவாரம் வரும் வெறுமையைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஆறு மாதம் எதற்காகக் காலையில் எழுந்தோமோ அது இல்லாமல் போய்விட்ட அந்த வாரத்தில்தான் பலர் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள்.

கடிகாரம்

நேரத்தை இலக்காக வைப்பது இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. 1976ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மரின் பகுதியில் நடக்கத் தொடங்கிய ரீபேக் பந்தயங்கள், கனமான பழைய சைக்கிள்களில் ஒரு மண்சாலைச் சரிவை ஒவ்வொருவராக இறங்கி, யார் எடுத்த நேரம் குறைவு என்று பார்ப்பவையாகவே இருந்தன. இறங்கி முடிக்கும்போது பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். அதை மறுபடியும் நிரப்ப வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 நொடி அந்தச் சரிவின் சாதனையாக இன்றும் பேசப்படுகிறது. ஓட்டிய நேரங்களைப் பதிந்து பிறருடைய நேரத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் ஸ்ட்ராவா செயலி 2009இல் வந்த பிறகு, ஒவ்வொரு சரிவும் ஒவ்வொரு ஏற்றமும் ஒரு சிறிய ரீபேக் ஆகிவிட்டது.

இங்கே ஏற்றத்தையும் இறக்கத்தையும் பிரித்தே பேச வேண்டும். கடிகாரத்தைப் பற்றிய பெரும்பாலான வாதங்கள் இந்தப் பிரிவைச் செய்யாததால்தான் குழம்புகின்றன. இருபது நிமிட ஏற்றத்தில் ஜிபிஎஸ் இரண்டு நொடி பிசகினால், பிழை அறுநூறில் ஒரு பங்கு. அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. நாற்பது நொடி இறக்கத்தில் அதே இரண்டு நொடி இருபதில் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு ஒரு முறை இடத்தைக் குறிக்கும் கருவி, அடர்ந்த மரங்களுக்கு அடியில் சில மீட்டர் தள்ளிக் குறித்துவிட்டால், தொடக்கக் கோட்டையும் முடிவுக் கோட்டையும் எப்போது தாண்டினோம் என்பதே ஊகமாகிவிடுகிறது. நானும் ஒரு பருவம் முழுவதும் ஒரு குறுகிய இறக்கத்தில் மூன்று நொடியைக் குறைப்பதற்காகச் செலவிட்டிருக்கிறேன். கடைசியில் குறைத்தும் விட்டேன். பிறகு ஒரே இறக்கத்தில் இரண்டு கருவிகளைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தபோது, அவை இரண்டுக்கும் இடையிலேயே மூன்று நொடிக்கு மேல் வேறுபாடு இருந்தது. அந்த ஆண்டு நான் உண்மையில் எதில் முன்னேறினேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கணக்குப் பிழையைவிட முக்கியமானது பாதுகாப்பு. ஏற்றத்தில் நேரத்தைத் துரத்துபவருக்கு அதிகபட்சம் மூச்சு வாங்கும். இறக்கத்தில் நேரத்தைத் துரத்துபவர், வளைவுக்கு அப்பால் நடந்து வருபவர் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கான வேகக் குறைப்பையே முதலில் விற்றுவிடுகிறார். ஆகவே நடப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளும் தடத்தில் இறக்க நேரத்தை யாரும் இலக்காக வைக்கக் கூடாது என்பதே என் தீர்மானமான கருத்து.

வாட்

இதைப் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. இருபது நிமிடம் முழு முயற்சியோடு மிதித்து, அந்தச் சராசரி வாட்டில் 95 விழுக்காட்டை, நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவாக எடுத்துக்கொள்வது பரவலான சோதனை முறை. சராசரி 260 வாட் என்றால் கணக்கில் வருவது 247. கடிகாரத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஒரு தெளிவான மேன்மை உண்டு. எதிர்க்காற்று அடித்தாலும், மண் இளகியிருந்தாலும், வாட் வாட்டாகவே இருக்கும். குறை என்னவென்றால், அது உடல் என்ற இயந்திரத்தை அளக்கிறது, ஓட்டத்தை அளப்பதில்லை. நுணுக்கமான தடத்தில் மிதிப்பது திடீர்த் திடீரென்று உச்சிக்குப் போய்ச் சுழியத்துக்கு இறங்கும்; இறக்கத்தில் பெடல் சுற்றுவதே இல்லை. 247 வாட்டை 270 ஆக்கியவர், வேர்கள் பின்னிக் கிடக்கும் ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கி நிற்கும்போது அந்தக் கூடுதல் வாட்டினால் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னும் வேகமான ஒரு வழுக்கல்தான்.

நுட்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கில் என் சாய்வு இதன் பக்கம்தான். காரணங்களோடு இதன் குறைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேத்தமும் 1990இல் வெளியிட்ட இலக்குக் கோட்பாட்டை, தெளிவான கடினமான இலக்கு வைத்தவர்கள் ‘முடிந்தவரை செய்’ என்று விடப்பட்டவர்களைவிடச் சிறப்பாகச் செயல்படுகிறார்கள் என்ற ஒற்றை வரியாகச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அவர்களே வலியுறுத்தும் இன்னொரு பகுதியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. செயல் சிக்கலானதாகவும் செய்பவருக்குப் புதிதாகவும் இருக்கும்போது, கடினமான விளைவு இலக்கைவிட, இதைச் செய்யும் வழிகளைக் கற்றுக்கொள்வேன் என்ற கற்றல் இலக்கே நல்ல பலன் தருகிறது. பாறைத் தடம் சிக்கலான செயலுக்கு ஓர் அசல் எடுத்துக்காட்டு. பெடல்கள் சமமட்டத்தில், குதிகால் தாழ்ந்து, முழங்கை விரிந்து, பார்வை முன்சக்கரத்தில் நிற்காமல் வெளியேறும் இடத்தில் பதிந்து, பிரேக்கைப் பாறைக்கு முன்பே பிடித்து விட்டுவிட்டு என்று ஐந்தாறு காரியங்கள் இரண்டு நொடிக்குள் நடந்தாக வேண்டும். அந்த நேரத்தில் தலைக்குள் கடிகாரமும் ஓடினால், முதலில் மறப்பது பார்வையைத்தான்.

நுட்ப இலக்கை எங்கும் பயிலலாம் என்பது அதன் இரண்டாவது வலிமை. மலை வேண்டாம், பதினைந்து நிமிடமும் ஒரு வெற்றிடமும் போதும். நகராமல் நின்ற இடத்திலேயே முப்பது நொடி சமநிலை காப்பது, தரையில் போட்ட ஒரு குச்சியைத் தொடாமல் இரண்டு சக்கரங்களையும் அதன் மேலாகத் தூக்கிக் கடத்துவது, வளைவில் உடலைவிடச் சைக்கிளை அதிகம் சாய்த்து வெளிப்பக்கக் காலில் எடையை இறக்குவது ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழகலாம். வலப்பக்க வளைவு நன்றாக வருபவர்களில் பலருக்கு இடப்பக்கம் வராது என்பது வெற்றிடத்தில் எட்டுப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

குறை என்று பார்த்தால், இது மங்கலானது. மங்கலானதில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது எளிது. ‘வளைவில் இப்போது நன்றாகப் போகிறேன்’ என்ற வாக்கியத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. தடங்களுக்கு இடப்படும் நிறக் குறியீடுகள், அதாவது பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் ஆகியவை, அளவுகோல் போலத் தோன்றி இந்த இடத்தில் ஆசை காட்டும். ஆனால் ஒரு தடத்தொகுதியின் நீலம் இன்னொன்றின் கறுப்பைவிடக் கடினமாக இருக்கக் கூடும் என்பதால், ‘கறுப்புத் தடம் ஓட்டினேன்’ என்பது திறமையைவிட இடத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது. அதைவிட, தடைகளைக் கால் ஊன்றாமல் கடக்கும் ட்ரையல்ஸ் போட்டிகளில் நெடுங்காலம் புழங்கிய முறை மேலானது. அங்கே கால் தரையில் ஊன்றினால் அபராதப் புள்ளி. நமக்குத் தெரிந்த ஒரு கடினமான பகுதியை எடுத்துக்கொண்டு, பத்து முயற்சியில் எத்தனை முறை காலை ஊன்றினோம் என்று எண்ணினால் போதும். ஒரு முறை தப்பிப் பிழைத்துக் கடந்ததும், பத்தில் எட்டு முறை கடப்பதும் வேறு வேறு என்பதை அந்த எண் மறைக்காமல் காட்டிவிடும். மீதி ஏமாற்றத்தை, யாராவது செல்பேசியில் எடுத்துத் தரும் காணொளி கலைத்துவிடும்.

அச்சத்தைக் கையாளுவதிலும் நுட்ப இலக்குக்கே இடமிருக்கிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்ற திட்டமிடல் முறை தடத்தில் நன்றாகப் பொருந்துகிறது. ‘தைரியமாக இறங்குவேன்’ என்ற உறுதிமொழி சரிவின் விளிம்பில் ஆவியாகிவிடும். ‘முன்சக்கரம் விளிம்பைத் தொட்டதும் பார்வையைச் சரிவின் அடிக்குக் கொண்டு போவேன்’ என்ற திட்டம் அந்த நொடியில் கைக்குச் செய்ய ஒரு வேலையைத் தருகிறது.

யாருக்கு எது?

முதல் ஆண்டில் இருப்பவருக்கு நுட்பத்தைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; அந்த ஆண்டில் நேரமும் தொலைவும் சொல்லாமலே கூடிவிடும். தடத்தில் லாவகமாக இறங்கி ஏற்றத்தில் மட்டும் பின்தங்குபவருக்கு ஏற்ற நேரம் பொருத்தமானது. அதையும் மாதத்துக்கு ஒரு முறை, தடம் உலர்ந்த நாளில் மட்டும் அளந்தால் போதும். சில ஆண்டுகள் ஓட்டிச் சலித்துப்போனவருக்குப் பந்தயம் நல்ல மருந்து. ஆனால் அவர் பந்தயத்தை நாட்காட்டியாக வைத்துக்கொண்டு, அதற்குள் நுட்பங்களை வாரத்துக்கு ஒன்றாக நிரப்பினால், டயர் கிழிந்து பாதியில் நின்ற நாளிலும் கையில் ஏதோ மிஞ்சியிருக்கும். காயத்திலிருந்து மீள்பவர் நேரத்தையும் பந்தயத்தையும் தொடவே கூடாது. வாரத்துக்கு எத்தனை முறை சைக்கிளில் ஏறினோம் என்ற எண்ணிக்கை மட்டுமே அவருக்குப் போதுமான இலக்கு.

நுட்பத்தைத் தேர்ந்தவருக்கு ஒரு நிறுத்தல் விதியும் தேவைப்படும், ஏனென்றால் பத்து முயற்சி என்று முடிவு செய்தவர் பதினொன்றாவதையும் செய்து பார்க்கத்தான் விரும்புவார். ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று முறை கால் ஊன்றினால் அன்று அந்தச் சரிவை விட்டுவிட வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி. மூன்றாவது முறைக்குப் பிறகு கைகள் களைத்திருக்கும், பிரேக்கை விரல்கள் தேவைக்கு மேல் அழுத்தும், பார்வை மறுபடியும் முன்சக்கரத்துக்கே வந்துவிடும். அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் தவறான அசைவைத்தான் உடலுக்குக் கற்றுக்கொடுக்கிறது.