மண்டபத்துப் படகு மெக்கானிக்கும் எங்கள் 78 மாடல் அம்பாசடரும்

எங்கள் அம்பாசடர் 1978 மாடல், மார்க் 3, பெட்ரோல். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு, அப்பா எங்களை முதன்முதலாக ரோட்டு வழியாக ராமேசுவரத்துக்குக் கூட்டிப் போனது இதில்தான். அதனால் விற்க மனம் வரவில்லை. போன வருடம் வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் இன்ஜினை இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து ரீபோர் செய்து, கிராங்க் என்கிற சுழல் தண்டையும் கிரைண்டிங் கொடுத்து எடுத்து வந்தோம்.

மறுநாள் காலையில் வண்டிக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். திரும்பக் கொண்டுபோனால், கிராங்க் பின்பக்கம் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கி, சீல் மாற்றியதாகப் பில் போட்டார்கள். ஒழுகல் நிற்கவில்லை. இரண்டாம் முறையும் அதே பேச்சு, இன்னொரு பில். அப்பா தினமும் விடிந்ததும் எண்ணெய் மேல் மணலைப் போட்டுக் கூட்டுவார். எனக்கு அது தாங்கவில்லை.

உச்சிப்புளியில் ஒருவர் சொல்லித்தான் மண்டபம் வடக்குக் கடற்கரைக்குப் போனேன். பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. படகு இறங்குதளத்தில் ‘பழைய கார் பார்க்கிற பாய்’ என்றால் கை காட்டுவார்கள். விசைப்படகு டீசல் இன்ஜின்தான் அவர் தொழில். நான் பில்லைக் காட்டியதும் கேட்டார்: “டீச்சர், இந்த இன்ஜின்ல அந்த எடத்துல ரப்பர் சீலே கெடையாதே. எதை மாத்துனாங்க?”

உண்மைதான். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு. கிராங்கின் பின்முனையில் மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கிராங்க் சுற்றச் சுற்ற அது எண்ணெயை உள்ளேயே திருப்பி அனுப்பும். இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறினால் அந்த மரையையும் மீறி எண்ணெய் வெளியே வரும். பாய் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே என் உள்ளங்கையை அதன் மேல் வைக்கச் சொன்னார். கையைத் தள்ளியது.

அதன் பிறகும் எதையும் கழற்றவில்லை. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு இன்ஜினைக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, மூட்டு மூட்டாக முகப்பவுடர் தூவினார். பாம்பன் பாலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். “சொட்டுற எடம் வேற, ஒழுகுற எடம் வேற. எண்ணெய் கீழ எறங்கும், ஓடுற வண்டியில காத்து பின்னால தள்ளும். எப்பவும் மேல இருந்து பாக்கணும்” என்றார். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து அவர் காட்டியபோது, வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. அது புகைக் குழாய் சேரும் மெனிஃபோல்டுக்குக் கீழே, பக்கவாட்டுத் தகடு மூடியான சைடு கவரில் தொடங்கி, பிளாக்கின் பின்புறம் வழிந்து, கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் சொட்டியது. இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரும், அடியில் எண்ணெய்த் தொட்டியான சம்பும் காய்ந்தே இருந்தன.

சைடு கவர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட். அதை இறுக்கு இறுக்கென்று இறுக்கியதில் தகடு வளைந்து, கார்க் பேக்கிங் பிதுங்கிவிட்டது. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீத்தர் குழாய் முன் கவரில் உள்ளது, அதுவோ பழைய கசடால் முக்கால்வாசி அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறியது அதனால்தான். இன்ஜின் முழுக்கப் பிரித்தவர்கள் அதை மட்டும் கழுவவில்லை. பாய் அதைக் கழுவி, தகடுகளை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி நேராக்கி, புது கார்க்கை ஷெல்லாக் தடவி ஒட்டி, போல்ட்டைக் கைப்பதமாக முறுக்கினார்.

இரண்டு நாள் வேலை, சாமானோடு 2,400 ரூபாய். நான்கு மாதமாகிறது. ராத்திரிக்கு ஒரு சொட்டு விழுகிறது. மரை வைத்த இன்ஜினுக்கு அது இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

குறையும் உண்டு. பில் தரமாட்டார். உட்கார நிழல் இல்லை. வண்டியை இரவில் விட்டால் உப்புக்காற்றில் வெட்டவெளியில்தான் நிற்கும், தார்ப்பாய் கொண்டுபோங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் பழுது பார்க்க நிற்கும், அப்போது போனால் அவர் நிமிர்ந்து பார்க்கவே நேரமிருக்காது. மற்ற நாளில் போகிறவர்கள் முந்தின இரவு வண்டிக்கடியில் ஒரு அட்டையை விரித்து, முன் சக்கரம் எந்தப் பக்கம் என்று அதில் குறித்து, கையோடு எடுத்துப் போங்கள். பாய் முதலில் கேட்பது அதைத்தான்.