சி.இ. சான்றிதழ் என்று சொல்லி 4,800 யூரோவைக் கறந்துவிட்டார்கள். பல பெட்டிக் கருவி செய்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 4,800 யூரோ போய்விட்டது. வாங்கிக்கொண்டது, 'சி.இ. சான்றிதழ் விரைவாக எடுத்துத் தருகிறோம்' என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு முகமை. சி.இ. என்பது பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளுக்கு இணங்குகிறது என்று காட்டும் குறியீடு. முகமையின் பெயர் போடவில்லை. இந்த ரகத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள், பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நாங்கள் செய்வது ஓர் அளவீட்டுக் கருவி. கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார் பெட்டி, திரை என மூன்று பாகம். மூன்றுக்கும் தனித்தனி மின் இணைப்பு, நடுவில் கேபிள்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க மின் பாதுகாப்புக்கு 2014/35 உத்தரவு, மின்காந்த இணக்கத்துக்கு, அதாவது ஈ.எம்.சி.க்கு (மற்றக் கருவிகளுக்கு மின்காந்த இடைஞ்சல் தராமலும், வரும் இடைஞ்சலைத் தாங்கியும் ஓடுவது), 2014/30 உத்தரவு. வாங்குபவர் தயாராக இருந்தார், சோதனை ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி.

நான் நம்பியது அந்த வீடியோ அழைப்பில்தான். அவர்களுடைய பொறியாளர் எங்கள் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். "கேபிளின் ஷீல்டை கனெக்டர் உறையோடு சுற்றிலும் பிடிக்க வேண்டும், முறுக்கி ஒற்றைக் கம்பியாக இழுத்துக் கட்டினால் அதிக அதிர்வெண்ணில் பயன் இருக்காது" என்றார். ஷீல்ட் என்பது கேபிளுக்குள் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோகப் போர்வை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வேலை தெரிந்தவர் வாயில்தான் அந்தப் பேச்சு வரும். "மூன்றையும் இணைத்து, ஓடும் நிலையில் ஒரே கருவியாகத்தானே சோதிப்பீர்கள்?" என்று கேட்டேன். "கண்டிப்பாக, முழு சிஸ்டமும் எங்கள் பொறுப்பு" என்றார். மின்னஞ்சலிலும் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகே 4,800 யூரோவை அனுப்பினேன்.

வந்த ரிப்போர்ட்டின் படத்தில் மேசை மேல் கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாக உட்கார்ந்திருக்கிறது. கேபிள் செருகும் இடமெல்லாம் காலி. மற்ற இரண்டுக்கும் 'ஏற்கெனவே சி.இ. குறியீடு உள்ளவை' என்று ஒரே வரி!

சி.இ. உள்ள பொருளையும் சி.இ. உள்ள பொருளையும் சேர்த்தால் மொத்தமும் தானாக இணங்கிவிடாது. ஐரோப்பிய ஆணையத்தின் ஈ.எம்.சி. வழிகாட்டியே இதைச் சொல்கிறது. காரணம் எளிது. கேபிளை மாட்டியவுடன் அதுவே ஆண்டெனா ஆகிவிடுகிறது. ஒரு மீட்டர் கேபிள் என்பது 75 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம். காற்றில் பரவும் மின்காந்த இரைச்சலை 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து அளக்கிறார்கள், அப்படியானால் கேபிள் இல்லாமல் அளந்து என்ன பயன்? வாங்குபவர் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அங்கீகாரம் பெற்ற வேறொரு லேபில் மூன்றையும் இணைத்து ஓடவிட்டபோது இரைச்சல் வரம்பைத் தாண்டியது.

பாதுகாப்பு விஷயம் இதைவிட மோசம். ஒவ்வொரு பெட்டியின் மின் ஃபில்டரிலும் உள்ள கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசியும். தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் வரம்புக்குள். மூன்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் கசிவுகள் ஒன்றாகக் கூடும். அந்தப் பலகையின் எர்த் கம்பி அறுந்திருந்தால் மொத்தக் கசிவுக்கும் பாதை, உறையைத் தொடுகிற மனிதர். அளவீட்டுக் கருவிகளுக்கான பாதுகாப்புத் தரம் ஈ.என். 61010-1 இருப்பதே ஆள் உயிருக்காக. அதில் போய்க் கை வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

கேட்டால் முதலில் "உங்கள் மாதிரி அது மட்டும்தான் என்று பதிவாகியிருக்கிறது" என்றார்கள். மூன்று பெட்டியும் போய்ச் சேர்ந்த கூரியர் ரசீதை அனுப்பினேன். அடுத்து "பொறியாளர் விடுப்பில் இருக்கிறார்". அப்புறம் "எங்களுடையது தன்னார்வச் சான்றிதழ், அது செல்லும்". இணக்கத்தை நிரூபிக்கும் வழியாக ஆணையம் அந்த மாதிரிச் சான்றிதழ்களை ஏற்பதே இல்லை. மறுபடி சோதிக்க இன்னொரு கட்டணம் கேட்டார்கள், கூச்சமே இல்லாமல். பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகு பதிலே இல்லை. 4,800 யூரோ. ஒரு சின்ன நிறுவனத்துக்கு அது விளையாட்டுப் பணமா?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

விலைப்புள்ளியிலேயே எல்லாப் பாகங்களின் மாடல் எண், ஒவ்வொரு கேபிளின் நீளம், சோதனையின்போது கருவி எந்த நிலையில் ஓட வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். லேபுக்கு ஐ.எஸ்.ஓ. 17025 (சோதனை லேப்களின் திறனுக்கான தரம்) அங்கீகாரம் இருக்கிறதா, அதன் எல்லைக்குள் உங்கள் சோதனைத் தரம் வருகிறதா என்று அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் தளத்திலேயே பாருங்கள், அவர்கள் அனுப்பும் பி.டி.எஃப்.பை நம்பாதீர்கள். சோதனை அமைப்பின் படத்தைப் பார்க்காமல் கடைசித் தவணை கொடுக்காதீர்கள். 2014/35க்கு 'அறிவிக்கப்பட்ட அமைப்பின்' (நோட்டிஃபைட் பாடி, அதாவது பொருள்களின் இணக்கத்தை மதிப்பிட அரசு நியமித்த அமைப்பு) சான்றிதழ் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அந்த உத்தரவில் அப்படி ஓர் அமைப்புக்கு வேலையே கிடையாது, உற்பத்தியாளர்தான் தொழில்நுட்பக் கோப்பு வைத்து, கையெழுத்துப் போட்டு அறிவிக்க வேண்டும்.