பவர்லா: கனத்த வாலை அளக்கும் பைத்தான் தொகுப்பு

அளவுகள் எல்லாம் ஒரு சராசரியை ஒட்டியே அமைந்துவிடும் தரவுக்கு ஏற்ற புள்ளியியல் மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஒரு மின்தடை சில ஆயிரம் பேரைப் பாதிக்க, இன்னொன்று பல இலட்சம் பேரை இருளில் தள்ளிவிடுகிற தரவுதான் சிக்கல் தருவது. அங்கே சராசரியும் திட்ட விலக்கமும் ஒன்றிரண்டு பெரிய மதிப்புகளின் பிடியில் இருக்கும். கனத்த வால் கொண்ட இத்தகைய பரவல்களுக்கென்றே எழுதப்பட்ட இலவசக் கருவிகளுள் நன்கு அறியப்பட்டது, ஜெஃப் ஆல்ஸ்டாட், எட் புல்மோர், டீட்மர் பிளென்ஸ் ஆகிய மூவரும் 2014-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையோடு அறிமுகப்படுத்திய ‘பவர்லா’ என்னும் பைத்தான் தொகுப்பு. இங்கே சொல்பவை அதன் 1.5 பதிப்பைப் பற்றியவை.

ஒரு மதிப்பு பெரிதாகப் பெரிதாக, அது நிகழும் வாய்ப்பு அந்த மதிப்பின் ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போவதுதான் அடுக்கு விதி; தொகுப்பின் பெயரும் அதைத்தான் குறிக்கிறது. இத்தொகுப்பின் அருமை தெரிய, அதற்கு முன் பலரும் கைக்கொண்டிருந்த வழக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இரு அச்சுகளையும் மடக்கை அளவில் வைத்து, புள்ளிகளுக்கு நடுவே மீச்சிறு வர்க்க முறையில் ஒரு நேர்கோட்டை இழுத்து, அதன் சாய்வை அடுக்கு என்று அறிவித்துவிடுவார்கள். கோடு நேராகத் தெரிந்தாலே அடுக்கு விதி மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. ஆரன் கிளாசெட், காஸ்மா ஷாலிசி, மார்க் நியூமன் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வழக்கத்தின் பிழைகளை விரிவாகக் காட்டி, அதற்கு மாற்றாக, கிடைத்த தரவு நிகழ மிக அதிக வாய்ப்புத் தரும் அடுக்கைத் தேர்ந்தெடுக்கும் மீப்பெரு சாத்தியக்கூறு முறையை முன்வைத்தது. வால் எந்த மதிப்பிலிருந்து தொடங்குகிறது என்ற கீழ் எல்லையையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், தரவுக்கும் பொருத்தப்பட்ட பரவலுக்கும் இடையிலான கொல்மொகொரோவ்–ஸ்மிர்னோவ் தொலைவு (இரண்டின் குவிவு வரைபடங்களுக்கு நடுவே உள்ள மிகப் பெரிய இடைவெளி) மிகக் குறைவாக இருக்கும் மதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. பவர்லா இந்த வழிமுறையை ஒரே வரிக் கட்டளைக்குள் அடக்கியிருக்கிறது. தரவைக் கொடுத்தால் அடுக்கு, கீழ் எல்லை, திட்டப் பிழை, தொலைவு ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன.

ஆனால் நான் இதை மெச்சுவது அந்த ஒரு வரிக்காக அல்ல. அடுத்து வரும் ஒப்பீட்டுக் கட்டளைதான் இதன் உயிர். அடுக்கு விதி பொருந்துகிறதா என்று தனியாகக் கேட்பதைவிட, லாக்நார்மல் பரவலையோ (மடக்கை எடுத்தால் இயல்புப் பரவலாகிவிடுவது) அடுக்குக்குறிப் பரவலையோ (வால் மிக விரைவாகத் தேய்ந்துவிடுவது) காட்டிலும் அது நன்றாகப் பொருந்துகிறதா என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. இரண்டு பரவல்களின் பெயரைத் தந்தால், எது மேல் என்பதை ஓர் எண்ணின் குறியும், அந்தக் குறியை நம்பலாமா என்பதை ஒரு பி-மதிப்பும் (இரண்டும் சமமாகப் பொருந்தினாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு; சிறியதாக இருந்தால் குறியை நம்பலாம்) சொல்லிவிடும். தொகுப்பின் விளக்கக் கட்டுரையில் எடுத்தாளப்படும் அமெரிக்க மின்தடைத் தரவையே பார்க்கலாம். 1984 முதல் 2002 வரை நிகழ்ந்த 211 மின்தடைகளில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர் என்ற பட்டியல் அது. பவர்லா அதில் 2,30,000 பேரைக் கீழ் எல்லையாகவும், 2.27 அளவில் அடுக்கையும் காண்கிறது. அடுக்கு 3-க்குக் கீழே இருப்பதால் பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) முடிவிலி என்றாகிறது. கேட்பதற்குப் பெரிய முடிவுதான். எனினும் அதே வாலில் அடுக்குக்குறிப் பரவலோடு ஒப்பிட்டால் பி-மதிப்பு 0.15 அளவில் நிற்கிறது. கனத்த வாலே இல்லாத ஒரு பரவலைக்கூட இந்தத் தரவால் உறுதியாக விலக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். பழைய முறையில் கோடு இழுத்திருந்தால் இந்தத் தயக்கம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இதே எடுத்துக்காட்டுதான் தொகுப்பின் பெரிய குறையையும் காட்டிக்கொடுக்கிறது. அடுக்குக்குத் தரப்படும் திட்டப் பிழை 0.17. அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து, வாலில் உள்ள 59 புள்ளிகளின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது இது. கீழ் எல்லை முன்கூட்டியே உறுதியாகத் தெரியும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. உண்மையில் கீழ் எல்லையும் அதே தரவிலிருந்து தேடி எடுக்கப்பட்டதுதான். கிளாசெட் குழுவினர் அந்தத் தேடலின் நிச்சயமின்மையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, கீழ் எல்லையே 90,000 அளவுக்கு முன்பின் நகர்ந்தது. அடுக்கின் பிழை 0.3 என்றானது. ஏறத்தாழ இரு மடங்கு! பவர்லா அச்சிடும் பிழையை அப்படியே எடுத்து ஆய்வறிக்கையில் எழுதுகிறவர், தம் முடிவு உள்ளதைவிடத் துல்லியமானது என்று வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். தொகுப்பு இதற்கு ஓர் எச்சரிக்கையாவது தந்திருக்கலாம்.

இன்னொரு பொறி இயல்பு அமைப்பில் இருக்கிறது. தரவு தொடர்ச்சியானது என்றே தொகுப்பு எடுத்துக்கொள்கிறது. சொற்களின் எண்ணிக்கை, இணைப்புகளின் எண்ணிக்கை போன்ற முழு எண்களைக் கொடுத்தாலும், ‘டிஸ்க்ரீட்’ என்ற தேர்வை நாமே இயக்காதவரை அவற்றையும் தொடர் மதிப்புகளாகவே நடத்தி ஒரு தவறான அடுக்கைச் சலனமில்லாமல் தந்துவிடும். அந்தத் தேர்வை இயக்கிய பிறகும், கணக்கை விரைவாக முடிக்க ஒரு தோராயச் சூத்திரத்தையே முதலில் கையாளும். கீழ் எல்லை 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தச் சூத்திரம் நன்றாகவே வேலை செய்யும். ஒன்று, இரண்டு என்று எல்லை தாழ்ந்துவிட்டால் தோராயத்தை அணைத்துவிட்டுத் துல்லியக் கணக்கைக் கேட்பதே முறை. பூச்சியமும் எதிர்ம மதிப்புகளும் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டதாக ஒரு செய்தி வரும். அதையாவது சொல்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஒப்பீட்டிலும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. கீழ் எல்லை முதலில் அடுக்கு விதிக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, மற்றப் பரவல்களும் அந்த வாலிலேயே பொருத்தப்படுகின்றன. பந்தயத் திடலை ஓர் அணிக்கு ஏற்ப அமைத்துவிட்டு மற்ற அணிகளை அழைப்பது போன்றது இது. ஒரே தரவின் மேல்தான் ஒப்பிட முடியும் என்பதால் வேறு வழியும் எளிதில் இல்லை. ஆயினும் அடுக்கு விதி நூலிழையில் வென்றதாக வரும் முடிவுகளை இந்தக் காரணத்தாலேயே நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முனையில் அடுக்குக்குறி வேகத்தில் தேயும் அடுக்கு விதியோடு ஒப்பிடும்போதோ நிலைமை நேர்மாறு. தூய அடுக்கு விதி அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால், அந்த விரிந்த வடிவம் ஒருபோதும் மோசமாகப் பொருந்தாது. அங்கே பி-மதிப்பு ஒன்றையே பார்க்க வேண்டும்.

தனித்து நிற்கும் பொருத்தச் சோதனை பவர்லாவில் இல்லை. அதாவது, பொருத்திய அடுக்கு விதியிலிருந்தே செயற்கைத் தரவுகளை உருவாக்கி, மெய்த் தரவின் தொலைவு அவற்றின் தொலைவுகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை. 2009 கட்டுரை இதையும் பரிந்துரைத்தது, பி-மதிப்பு 0.1-க்கு மேல் போகாவிட்டால் அடுக்கு விதியைக் கைவிடச் சொன்னது. இரண்டு தசம இடத் துல்லியத்துக்கு ஏறத்தாழ 2500 செயற்கைத் தரவுகள் வேண்டும் என்றும் கணக்குச் சொன்னது. ஒப்பீடே போதும் என்பது பவர்லா ஆசிரியர்களின் நிலைப்பாடு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இரண்டு பரவல்களுமே பொருந்தாத தரவில் எது சற்று மேல் என்று அறிவதால் என்ன ஆகப்போகிறது?

இந்தச் சோதனை வேண்டுவோர் புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழிக்குப் போக வேண்டியதுதான். கொலின் கில்லெஸ்பி எழுதி 2015-இல் கட்டுரையாகவும் விளக்கிய தொகுப்பு அங்கே உள்ளது; அதற்கும் ஏறக்குறைய இதே பெயர்தான். அதன் பூட்ஸ்ட்ராப் கட்டளைகள் (மாதிரித் தரவுகளை மீண்டும் மீண்டும் உருவாக்கிக் கணக்கிடுபவை) கீழ் எல்லையின் நிச்சயமின்மை, அடுக்கின் நிச்சயமின்மை, பொருத்தத்தின் பி-மதிப்பு ஆகிய மூன்றையும் தருகின்றன; கணினியின் பல கருக்களில் வேலையைப் பகிர்ந்தும் ஓட்டலாம். லாக்நார்மலுக்கெனத் தனிக் கீழ் எல்லையைத் தேடவும் அது இடம் தருகிறது. எழுதும் முறை சற்றுக் கெடுபிடியானது. பொருளை உருவாக்கி, எல்லையை மதிப்பிட்டு, அதைப் பொருளுக்குள் பதித்து என்று படிப்படியாகப் போக வேண்டும். முதல் பார்வைக்கும் படத்துக்கும் பைத்தான், அச்சில் ஏறும் எண்ணுக்கு ஆர் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

படங்களைப் பொறுத்தவரை பவர்லாவைக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒரு மதிப்புக்கு மேற்பட்டவற்றின் பங்கைக் காட்டும் குவிவு வரைபடம் ஒரே கட்டளையில் வருகிறது. மதிப்புகளைத் தொகுக்கும் பெட்டிகளின் அகலத்தை நாம் தீர்மானிக்கத் தேவையில்லாத அந்த வரைபடமே வாலைப் பார்க்க ஏற்றது. வேகம் சுமார். தரவில் உள்ள வேறுபட்ட மதிப்புகளை எல்லாம் கீழ் எல்லையாக வைத்துப் பார்ப்பதால், பெரிய தரவுகளில் காத்திருக்க நேரும். தேடும் வரம்பை நாமே குறுக்கிக் கொடுத்தால் சமாளிக்கலாம்.

விலை ஏற்ற இறக்கம் போல இருபக்கமும் வால் கொண்ட தரவோடு வருவோருக்கு இது பொருத்தமான கருவி அன்று. எதிர்ம மதிப்புகள் வெளியேற்றப்பட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு வாலையும் குறிமாற்றித் தனித்தனியே பொருத்த வேண்டியிருக்கும். முழுப் பரவலையும் ஒரே மாதிரியில் அடக்க விரும்பினால் லெவி நிலைப் பரவல்களை நாடலாம். பைத்தானின் அறிவியல் கணக்கீட்டுத் தொகுப்பான சைபையிலேயே அவை இருக்கின்றன. ஆனால் மூன்று தனி நேர்வுகளைத் தவிர அவற்றின் அடர்த்திக்கு எளிய சூத்திரம் இல்லாததால் பொருத்துதல் மெதுவாகவே நடக்கும். அவற்றின் பண்பளவைகளை எழுதும் முறை ஒன்றுக்கு மேல் இருப்பதால், எந்த முறையில் எண்கள் வந்தன என்பதைக் குறித்து வைக்காமல் இன்னொரு மென்பொருளின் விடையோடு ஒப்பிடக் கூடாது.