‘வேண்டாம்’ முதலில் வர வேண்டிய விளையாட்டு

ஒருவர் முன்னால் வெடிகுண்டு. அதை அவர் மட்டுமே பார்க்கலாம். செயலிழக்க வைக்கும் வழி 23 பக்கக் கையேட்டில் இருக்கிறது. அதை மற்றவர்கள் மட்டுமே படிக்கலாம். பேசித்தான் பிழைக்க வேண்டும். கனடாவின் ஸ்டீல் கிரேட் கேம்ஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ என்ற கணினி விளையாட்டு இதுதான். குழுவில் ஒருவர் வாங்கினால் போதும், கையேடு இணையத்தில் இலவசம். நாங்கள் அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறோம்.

மடிக்கணினி முன் நான். எதிரே, திரை தெரியாதபடி, கையேட்டோடு அம்மாவும் தம்பியும். நான்கு வயர்கள், அதில் இரண்டு சிவப்பு என்றேன். சீரியல் எண்ணின் கடைசி இலக்கத்தைக் கேட்டான் தம்பி. குண்டைத் திருப்பிப் பார்த்து “ஆறு” என்றேன். “அப்படியென்றால் கடைசிச் சிவப்பு வயரை வெட்ட...” என்றான். வெட்டிவிட்டேன். “...க் கூடாது” என்று முடித்தான். தவறுக்கு ஒரு குறி விழுந்தது, கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கியது.

அன்றுதான் உறைத்தது: தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வந்து சேர்கிறது, கையோ அதற்கு முன்பே முந்திவிடுகிறது. மறுப்பதானால் முதலில் “வேண்டாம்”, பிறகுதான் வயரின் பெயர் என்று அம்மா விதி வைத்தார். மற்றபடி நம் வாக்கிய அமைப்பு இந்த விளையாட்டுக்கு வெகு பொருத்தம். “சிவப்பே இல்லையென்றால் இரண்டாவதை வெட்டு”: நிபந்தனை முழுவதையும் கேட்ட பிறகே செயல் வருகிறது.

குண்டில் வரும் புதிர்ப் பகுதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது குறியீட்டுப் பொத்தான்கள். நான்கு பொத்தான்களில் நான்கு விசித்திர வடிவங்கள் இருக்கும். அந்த நான்கும் சேர்ந்து வரும் ஒரே வரிசையைக் கையேட்டில் கண்டுபிடித்து, அதில் மேலிருந்து கீழாக வரும் முறைப்படி பொத்தான்களை அழுத்த வேண்டும். வடிவங்களுக்குப் பெயர் கிடையாது, நாமே வைக்க வேண்டும். மூன்று முனை உள்ளது அம்மாவுக்குச் சூலம். வட்டமும் வாலுமாக இருப்பது நூல் கட்டிய பலூன். வெறுமனே “நட்சத்திரம்” என்று சொல்லி ஒரு குண்டை இழந்தோம். கறுப்பாக நிரப்பியதும் கோட்டால் மட்டும் வரைந்ததும் வெவ்வேறு வரிசைகளில் இருக்கின்றன. இப்போது எங்கள் வீட்டில் “கறுப்பு நட்சத்திரம்”, “வெள்ளை நட்சத்திரம்” என்றே பேச்சு.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒலியில் ஒத்த ஆங்கிலச் சொற்களை வைத்தே ஒரு பகுதியை அமைத்திருக்கிறார்கள். ‘தேர்’ என்று ஒலிக்கும் சொல்லுக்கே மூன்று எழுத்துக்கூட்டல்கள். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கரைகிறது. ஆங்கிலத்தில் தயக்கமுள்ள பெரியவர்களை அந்தப் பகுதியில் உட்கார வைக்காதீர்கள். வயரும் குறியீடும் வரும் குண்டுகளைக் கொடுங்கள், பிரமாதமாக நடத்துவார்கள்.

இப்போது புதிர்ப்பாதை என்ற பகுதியில் நிற்கிறோம். ஆறுக்கு ஆறு கட்டம். சுவர்கள் கையேட்டில் மட்டும் தெரியும். அம்மா பென்சில் நுனியை நகர்த்திக்கொண்டே “மேலே இரண்டு. நில். இடப்பக்கம் ஒன்று” என்கிறார். நான் அப்படியே போகிறேன்.